கட்டை முடி

துவாயைக் கழுத்தில் சுற்றிப் பின்பக்கம் உடுப்புக் கிளிப்பைக் குத்தி முடித்த பிறகுதான் அகரன் வாயைத் திறந்தான். "அம்மா, இந்த முறை முழுக்கக் கட்டையா வெட்டுங்கோ." யசோதினி மெசினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக மேலே கை வைக்க விடாதவன். பக்கத்தில் மட்டும் அம்மா, பக்கத்தில் மட்டும் என்று தலையைப் பொத்திக்கொண்டு கெஞ்சியவன். அந்தச் சுருளைத் தடவித் தடவிக் கண்ணாடிக்கு முன்னால் மகன் நிற்கிற நேரத்துக்குள் ஒரு கலியாணப் பெண்ணை வெளிக்கிடுத்தி மணவறையில் இருத்திவிடலாம். "ஏன் திடீரெண்டு?" என்று கேட்டாள். "சும்மாதான்," என்றான். சும்மாவாம். பெற்றவளுக்குத் தெரியாத சும்மா. நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக் காலையில் அவன் படைக்கு ஆள் எடுக்கிற அலுவலகத்துக்குப் போகிறான். பதினெட்டு நிறையாதவன் சேருவதென்றால் தாயும் தகப்பனும் சம்மதம் என்று கையெழுத்து வைக்க வேண்டும், ஜெர்மனியில் அதுதான் முறை. சிவநேசன் வெள்ளிக்கிழமை பின்னேரமே வைத்துவிட்டார். அவளுடைய புருசனுக்கு எதிலும் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வாசிக்கிற பழக்கம். வாசிக்காமலே விடுகிற பழக்கமும் உண்டு. அவளுடைய இடம் மட்டும் வெறுமையாக அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் கீழே தொங்குகிறது. பால் எடுக்கப் போனாலும் அது, முட்டை எடுக்கப் போனாலும் அது. நேற்று முழுக்க ஃபிரிட்ஜைத் திறக்காமலே சமைத்தாள், பருப்பும் நெத்தலிக் கருவாடும். "எத்தனையாம் நம்பர் போட?" என்று கேட்டாள். "மூண்டு," என்ற அகரன் கொஞ்சம் யோசித்து, "இல்லை, ரெண்டு," என்றான். அவள் பிளாஸ்டிக் சீப்பை மெசினில் பொருத்தினாள். சரியாகப் பிடிக்கவில்லை. கழற்றித் திரும்பவும் பொருத்தினாள்.

மெசின் இரையத் தொடங்கியது. குளியலறைக்கு வெளியே, குசினியில் ரேடியோ தன்பாட்டுக்கு ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருந்தது. எந்த ஸ்டேசனைத் திருப்பினாலும் இந்த நாட்களில் ஒரே கதைதான். படையில் ஆள் காணாது. இளம் பெடியள் வருகிறார்களில்லை. விரும்பினவர்கள் முதலில் வரட்டும், காணாவிட்டால் சீட்டுக் குலுக்குவோம் என்கிறார் ஒருவர். குலுக்கல் அநியாயம், எல்லோரையும் கூப்பிடு என்கிறார் மற்றவர். பெண்பிள்ளைகளை மட்டும் ஏன் விட வேண்டும் என்று முந்தாநாள் தொலைக்காட்சியில் ஒரு அம்மா கேட்டா, கழுத்தில் வடிவான முத்துமாலை. மேசையைச் சுற்றி இருந்தவர்களின் வயதைப் பார்த்தால் ஒருவரும் போகப்போகிற ஆட்கள் இல்லை. சிவநேசன் கதிரை நுனியில் இருந்து, பந்தடி பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். "நியாயம்தானேயப்பா," என்றார். "இருக்க இடம் தந்த நாடு. அதுக்கு ஒரு கஷ்டம் எண்டால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதே?" நாங்கள் என்றால் யார் என்று யசோதினி கேட்கவில்லை. சிவநேசனுக்கு முழங்கால் வலி, பேக்கரியில் மா மூட்டை தூக்கவே ஏலாது. நாங்கள் என்றால் அகரன்தான். ஆள் காணாது. இதே வசனத்தை அவள் வன்னியில், தன்னுடைய ஊரான முரசுமோட்டையில் கேட்டிருக்கிறாள், இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டின வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சொல்லும். அங்கேயும் முதலில் விரும்பினவர்கள்தான். மேடை போட்டுக் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாக இருத்தி வைத்துக் கேட்டார்கள். பிறகு வீட்டுக்கு ஒருவர். பிறகு ஒருவர் காணாது. இங்கே அப்படி இல்லை, இங்கே சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, ஏலாது என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள், எல்லாம் அகரன் விளக்கி விளக்கிச் சொல்லியிருக்கிறான், அவளுக்கும் விளங்கித்தான் இருக்கிறது. விளங்கி என்ன. ஆள் காணாது என்று ரேடியோ சொன்ன உடனே அவளுடைய காது வாசல் கதவுக்குப் போகிறது. அந்தச் சொல் வந்தால் கொஞ்ச நாளில் படலை திறக்கிற சத்தம் வரும், அப்படித்தான் அவளுக்குத் தெரியும். முதல் சுருள் மகனின் தோளில் விழுந்து, துவாயில் சறுக்கி மடிக்கு வந்தது.

"தலையைக் குனி," என்றாள். குனிந்தான். பிடரி தெரிந்தது. ஒல்லிப் பிடரி, நடுவில் ஒரு பள்ளம், முடி இரண்டு பக்கத்தாலும் வந்து அந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. சாளினிக்கும் இதே பிடரி. தங்கச்சியின் பிடரி மகனுக்கு எப்படி வந்தது என்று ஆராய என்ன இருக்கிறது, ஒரு குடும்பம்தானே, வரும்தானே. அதை விடு. அவள் அதை விட்டாள், விட்டுவிட்டுக் கலியாணத்துக்குப் போனாள், கலியாணம் என்றால் நினைக்கக் கொஞ்சம் லேசு. வீட்டுக்கு ஒருவர் என்று வந்த பிறகு வன்னியில் கலியாணம் நடந்த மாதிரி வேறு எங்கேயும் நடந்திராது. தாலி ஏறின பெட்டையை இயக்கம் கொண்டுபோகாது என்று ஒரு கதை. பாதி உண்மை, பாதி ஆசை. பள்ளிக்கூட உடுப்பைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கூறைச் சேலை உடுத்த பிள்ளைகள் எத்தனை. அம்மன் கோயிலில் ஐயர் ஒரு சோடிக்குச் சொன்ன மந்திரத்தின் ஈரம் காய முதல் அடுத்த சோடியை இருத்துவார், மாலையைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அம்மா நேரத்தோடு செத்துப்போன வீடு. ஐயாவும் இரண்டு பெட்டைகளும். ஐயா ஒரு கிழமையாகச் சோறு இறங்காமல் யோசித்து, வாய்க்கால் கரையில் ஒரு பெடியன் இருக்கிறான், குடிக்க மாட்டான் என்று சொன்னார். அதுதான் சிவநேசன். அவருடைய வீட்டிலும் அதே அவசரம், கலியாணம் கட்டின பெடியனையும் விட்டுவைப்பார்கள் என்ற நம்பிக்கை. பெண் பார்த்ததும் இல்லை, மாப்பிள்ளை பார்த்ததும் இல்லை. மணவறையில்தான் அவருக்கு முன்பல்லு ஒன்று உடைந்திருக்கிறது என்றே அவளுக்குத் தெரியும். மஞ்சள் கயிற்றில் தாலி. அதைப் பகலில் சட்டைக்குள் விட்டுக்கொள்ளக் கூச்சம், வெளியே விடப் பயம். தாலி என்ற இடத்தில் வந்து அவளுடைய மனம் நின்றுவிடும். முன்னமா, பின்னமா? எப்போதும் இப்படித்தான். அதை விடு. "ஆடாதை, காதில பட்டிடும்," என்றாள். அகரன் ஆடவில்லை. அவள் மெசினை எடுத்து, அவனுடைய காதை மடித்துப் பிடித்தாள்.

பாவம் ஐயா. அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வராது, குறை சொல்லாமல் இருக்கவும் ஏலாது. மூத்தவளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் வீட்டில் இருப்பது ஒரு சின்னப் பெட்டை, பதினைந்து வயது, பாவாடை சட்டை, அவளைப் பார்த்தால் யாரும் பிள்ளை என்றுதானே சொல்லுவான் என்று நினைத்தார். தாலி கட்டினால் மூத்தவள் வேறு வீடு ஆகிவிடுவாள், அப்போது இந்த வீட்டுக்கு ஒருவர் என்றால் அது யார் என்று அவருக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார், பாவாடை சட்டைக்கும் தாலி கட்டியிருப்பாரா? ரியூசனுக்குப் போன சாளினியைச் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் பின்னேரம் யாரோ கொண்டுவந்து படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். ஐயா அந்தச் சைக்கிளைத் துடைத்தார். முழுக்கத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறகு வாசலில் இருந்து வாயில் துவாயை வைத்து அழுதார். யசோதினி அன்றைக்கு ஓடிவந்து பார்த்தது அதைத்தான், தாலியோடும் வயிற்றில் அப்போதுதான் பிடித்திருந்த பிள்ளையோடும். அந்தப் பிள்ளைதான் இப்போது நாற்காலியில் இருக்கிறது. தன் சுருள் முடியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது, மடியில். "என்னம்மா, நிப்பாட்டிப் போட்டியள்?" என்று அகரன் கேட்டான். மெசின் அவளுடைய கையில் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. "ஒண்டுமில்லை. முடி அடைச்சிட்டுது," என்று சொல்லி அதை வாயால் ஊதினாள்.

"நீங்கள் பயப்பிடுறியள்," என்றான் அகரன். "எனக்கு விளங்குது. ஆனா இது அங்க மாதிரி இல்லை அம்மா. லைசன்ஸ் எடுத்துத் தருவாங்கள். படிக்க விடுவாங்கள். பிடிக்காட்டி நான் வெளிய வரலாம்." அவனுடைய தமிழ் எப்போதும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித்தான் வரும், ஜெர்மனில் யோசித்து வைத்ததைத் தமிழில் எடுத்து அடுக்குகிறவன். "சண்டை வந்தால்?" என்று கேட்டாள். "வந்தால் எல்லாருக்கும்தான் வரும். எனக்கு மட்டுமே? ஆரோ ஒராள் போகத்தானே வேணும்." அவள் சீப்பால் முடியை நிமிர்த்தி மெசினை ஓட்டினாள். பிறகு அவன் அதைச் சொன்னான், அவள் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்ததை. "சித்தியும் போனவதானே அம்மா." போனவதானே. இங்கே மண்டபத்தில் கார்த்திகை மாதம் மாவீரர் நாளுக்கு வைக்கிற படங்களுக்குள் சாளினியின் படமும் இருக்கிறது, சீருடையில், தொப்பிக்குக் கீழே முடியே தெரியாமல். சின்னனாய் இருக்கும்போது அகரனைத் தூக்கிப் பிடித்துத்தான் அதற்குப் பூப் போட வைப்பாள். பத்து வயதில் தமிழ்ப் பள்ளிக்கூட மேடையில் பேச்சுப் பேசினான், என் சித்தி தானாகவே முன்வந்து போனவர் என்று. டீச்சர் எழுதிக் கொடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள், சிவநேசன் கண்ணைத் துடைத்தார். சிவநேசனுக்கு முழுக்கதையும் தெரியும். தெரிந்துகொண்டே துடைத்தார். யசோதினியும் எழும்பி நின்று, இல்லை, அப்படி இல்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவது, மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர் அங்கே என்னவாக இருந்தவர் என்று யாருக்குத் தெரியும்? முன்வந்து போனவளின் தமக்கை என்றால் சனம் எழும்பி இடம் விடுகிறது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தால்தான் சுகமில்லை. அந்தப் பொய்யைச் சாப்பிட்டுத்தான் பெடியன் இந்த உயரம் வளர்ந்திருக்கிறான் என்று இன்றைக்குத் தெரிகிறது. மெசின் காதுக்குப் பின்னால் போனது, அங்கே தோல் வெள்ளையாக இருந்தது.

சாளினி ஒருக்கால் திரும்பி வந்தவள். அது மண்டபத்துக்குத் தெரியாது. ஓடி வந்தாள், காட்டுக்குள்ளால், கால் முழுக்க முள்ளுக் கீறல். விடியப்புறம் கோழிக்கூட்டடியில் என்னவோ அசைகிறது என்று ஐயா பார்த்தால் அவள். முதலில் ஐயாவுக்கே ஆளைத் தெரியவில்லை, தலை அப்படி. பிடித்துக்கொண்டு போகிற பெட்டைகளுக்கு முதல் நாளே முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஓடினாலும் றோட்டில் கண்ட உடனே விளங்க வேண்டும். வன்னியில் கட்டை முடியோடு ஒரு பெட்டை வீட்டில் நின்றால் அது என்னவென்று பால் கறக்க வருகிறவனுக்கும் தெரியும். முற்றத்தில் ஷெல்லுக்கு வெட்டின பங்கருக்குள் விட்டு மேலே ஓலையைப் போட்டு மூடினார்கள். மூடி எத்தனை நாளைக்கு? ஷெல் அடித்தால் சனம் பங்கருக்குள் வருமே. புளியம்பொக்கணையில் மாமி வீடு, அங்கே கொண்டுபோய்விட்டால் தெரியாத ஊர், ஆனால் போகிற வழியில் மறிப்பார்கள், தலையைப் பார்ப்பார்கள். யசோதினிக்குத்தான் அந்த மூளை வந்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே முடி. ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. பங்கருக்குள் இறங்கி, கத்தரிக்கோலைத் தங்கச்சியின் கையில் கொடுத்து, வெட்டடி என்றாள். கழுத்தோடு வெட்டுவதா என்று சாளினி தயங்கத் தயங்க, இன்னும் மேலே, இன்னும் மேலே, நீளம் காணாது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒட்ட வெட்டியாயிற்று. வெட்டினதை ஒரு கறுப்புத் துணிப் பட்டியில் வைத்துத் தைத்தாள், ஊசியால் தைத்து, பின்னி, நுனியில் பள்ளிக்கூட வெள்ளை றிபன் கட்டி, அந்தப் பட்டியைச் சாளினியின் தலையில் ஊசிகள் குத்தி இறுக்கினாள். முன்னால் கொஞ்சம் எண்ணெய் வைத்துப் படிய வாரினால் அசல் பள்ளிக்கூடப் பிள்ளை. "அக்கா, உன்ர முடி முழுக்கப் பேனடி," என்று சாளினி சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு. அடக்க அடக்க வருகிறது, வாயைப் பொத்திக்கொண்டு, மண் சுவரில் சாய்ந்துகொண்டு, அந்தக் குழிக்குள் அவர்கள் சிரித்த மாதிரிப் பிறகு அவள் எங்கேயும் சிரிக்கவில்லை. ஐயா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, என்ர மூளைக்காரி என்றார். ஒரு தலையை மூடப் போய் இன்னொரு தலையைத் திறந்துவிட்டோம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் ஓடவில்லை.

ஓடவில்லை. அதை எத்தனை தரம் நினைத்தாலும் அவளுக்கு நம்ப முடியாமல் இருக்கும். மூன்று பேர், மூன்று தலை, அதில் ஒன்றைக்கூட எண்ணத் தெரியாமல். அடுத்த நாள் காலையில் அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது, மசக்கை. வெட்டின வெறுந்தலையோடு வேலிக்கரைக்கு ஓடிப் போய்ச் சத்தி எடுத்தாள். ஒழுங்கையில் யாரோ போனார்கள். யாரென்று பார்க்கவில்லை, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மத்தியானம் இயக்கத்தின் பிக்கப் வந்தது. இரண்டு பெட்டைகளும் ஒரு பெடியனும். பெட்டைகளுக்குச் சாளினியின் வயதுதான் இருக்கும், அவர்களையும் யாரோ எங்கேயோ சைக்கிளில் போகும்போது ஏற்றினதாக இருக்கும், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "பிரச்சினை வேண்டாம், வாங்கோ," என்று ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்தாள். ஓடி வந்தவள் யசோதினிதான் என்று நினைத்துவிட்டார்கள், கட்டை முடியைப் பார்த்து. சிவநேசன் வயலில். ஐயாவுக்கு வாய் எழும்பவில்லை. யசோதினி பேசாமல் நின்றிருந்தால் அவளைக் கொண்டுபோயிருப்பார்கள். நான் இல்லை என்றால், அப்ப யார் என்று கேட்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவளுடைய கை சட்டைக்குள் போய்த் தாலியை எடுத்து வெளியே விட்டது. சொல்லவில்லை, காட்டினாள். பிடித்திருந்தவள் கையை விட்டாள். அதே நேரம் சாளினி பங்கரை விட்டு ஏறி வந்து முற்றத்தில் நின்றாள், பின்னலோடு. அந்தப் பின்னலோடு யாருக்கும் அவளைத் தெரிந்திராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் நம்பியிருப்பார்கள், அவ்வளவு நன்றாகத்தான் தைத்திருந்தது. சாளினி கையை உயர்த்திப் பின்னலை ஊசியோடு பிடுங்கினாள். "அவ இல்லை, நான்தான். அவவை விடுங்கோ, வயித்தில பிள்ளை இருக்கு," என்றாள். முன்னமா, பின்னமா? தாலியை எடுத்தது சாளினி ஏறி வர முன்னமா, வந்த பின்னமா? பின்னம் என்றால் ஒன்றுமில்லை, அவள் தானாக வந்தாள், தாலி சும்மா ஒரு தாலி. முன்னம் என்றால், பங்கர் வாயின் ஓலை நீக்கலால் தங்கச்சி அதைப் பார்த்திருப்பாள். அக்கா தாலியைக் காட்டுகிறாள், நான் இல்லை என்கிறாள், இனி என்னைத்தான் தேடப்போகிறார்கள் என்று விளங்கித்தான் ஏறியிருப்பாள். சில நாட்களில் முன்னம் போல இருக்கும். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கும்போது திடீரென்று, இல்லை, பின்னம்தான் என்று அடித்துச் சொல்லலாம் போல இருக்கும், அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கை லேசாக இருக்கும். பிறகு இரவு வரும். கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான். அவளுடைய படத்தை அடுத்த மாசி மாதம் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், படத்தை மட்டும்.

"முடிஞ்சுதா?" என்று அகரன் கேட்டான். கண்ணாடியில் பார்த்தாள். முகத்தை விட்டுவிட்டுத் தலையை மட்டும் பார்த்தால் அது பங்கருக்குள் இருந்த தலை. அவளுக்குப் பயமாக இருந்தது, சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைப் பயம், மெசினை வைத்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "அம்மா, அந்தக் கையெழுத்து," என்றான். "இண்டைக்கு வைச்சீங்கள் எண்டா நான் நாளைக்குக் கொண்டு போவன்." அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தாள். "உன்ர சித்தி தானாப் போகேல்லையடா," என்றாள். சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வாய் தன்பாட்டுக்குப் போனது, ரியூசன், சைக்கிள், கோழிக்கூடு, கத்தரிக்கோல், பின்னல். இத்தனை வருடம் தூக்கித் திரிந்தது, சொல்லிப் பார்த்தால் ரேடியோவில் ஒரு விளம்பரம் முடிகிற நேரம்கூட எடுக்கவில்லை போல இருந்தது. தாலியையும் சொன்னாள். "முன்னம் எடுத்தனோ பின்னம் எடுத்தனோ எண்டு எனக்குத் தெரியேல்லை. இண்டைக்கு வரைக்கும் தெரியேல்லை." அகரன் கழுத்தில் துவாயோடு திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. நல்ல பிள்ளை, யாருடைய கண்ணீரையும் தாங்க மாட்டான். இனி அந்தத் தாளைக் கிழித்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். அந்த ஒரு நிமிசம் அவளுக்கு நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது.

"அப்ப, பின்னலோட இருந்தபடியா அவையளுக்கு அவவைத் தெரியேல்லை," என்றான் அகரன் மெதுவாக. "ஓம்." "பேசாமல் நிண்டிருந்தா தப்பியிருப்பா." "ஓமடா, அதைத்தானே சொல்லுறன்." "அப்ப ஒருத்தரும் அவவை இழுத்துக்கொண்டு போகேல்லை. முதல் தரம் இழுத்தவங்கள். ரெண்டாம் தரம் அவவாத்தான் வந்தவ. உங்களுக்காகவும் எனக்காகவும்." அவள் மெசினிலிருந்து பிளாஸ்டிக் சீப்பைக் கழற்றினாள். "நான் அண்டைக்கு மேடையில சொன்னது பொய் இல்லை அம்மா," என்றான். "அதைவிடப் பெரிசு." அவனுடைய கண்ணில் அவள் தேடின பயம் இல்லை. வேறு என்னவோ வந்திருந்தது, வெளிச்சம் மாதிரி. தடுக்கக் கொண்டுவந்ததை எடுத்து அவனுடைய கையிலேயே ஆயுதமாகக் கொடுத்துவிட்டாள். இனி அந்த மண்டபத்துக் கதை அவனுக்குத் தேவையில்லை, பெற்ற தாயே உண்மைக் கதையைச் சொல்லியாயிற்று. ஆரோ ஒராள் போகத்தானே வேணும் என்று வாயால் சொன்னவனுக்கு, போன ஒருத்தியைக் காட்டிவிட்டாள், அவனுக்காகவே போனவளை. குசினியில் ரேடியோ இப்போது ஏதோ பாட்டுப் போட்டது.

"நான் வைக்க மாட்டன்," என்றாள் யசோதினி. குரல் அவளுக்கே பிடிபடவில்லை, வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. "அம்மா..." "மாட்டன். நீ என்னத்தைச் சொன்னாலும் மாட்டன். கொப்பா வைச்சால் வைக்கட்டும்." அகரன் கோபப்படவில்லை. "மே மாசம் எனக்குப் பதினெட்டு அம்மா," என்றான். "அதுக்குப் பிறகு உங்கட கையெழுத்துத் தேவையில்லை." "தெரியும்." "தெரிஞ்சுகொண்டு ஏன் பிறகு?" அவள் யோசிக்கவில்லை, அது எங்கேயோ முதலிலிருந்தே தயாராக இருந்தது. "அண்டைக்கு முத்தத்தில ஐயா நிண்டவர், நான் நிண்டனான். ஒருத்தரும் மாட்டம் எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தாலும் அவளைக் கொண்டுதான் போயிருப்பாங்கள், எனக்குத் தெரியும். ஆனா ஒராளாவது சொல்லியிருக்கோணும். அவள் போகேக்க அவளின்ர காதில அது விழுந்திருக்கோணும்." அகரன் அவளைப் பார்த்தான். கிளிப்பைக் கழற்றித் துவாயை எடுத்தான், முடி கொட்டாமல் நான்கு பக்கமும் கவனமாக மடித்தான். "ஓகே அம்மா," என்றான். "நாளைக்குப் போய் மே மாசம் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வாறன்." அவ்வளவு பணிவாகச் சொன்னான். கத்தியிருக்கலாம், கதவை அடித்திருக்கலாம், உங்களுக்கு என்ன விளங்கும் என்று ஜெர்மனில் திட்டியிருக்கலாம், அதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது, இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள்.  முடிவெடுத்த பிள்ளைகள் சண்டை பிடிப்பதில்லை. சாளினியும் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. பொறுங்கோ, செருப்பைப் போட்டிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிக்கப்பில் ஏற முதல் திரும்பி வந்து, மாடு உள்ளே வராமல் படலைக்குக் கொழுக்கியும் மாட்டிவிட்டுத்தான் போனாள். அகரன் நாற்காலியைத் தூக்கிக் குசினியில் இருந்த இடத்தில் வைத்தான். ரேடியோவை நிற்பாட்டினான். பிறகு தன்னுடைய அறைக்குப் போய், அம்மாவுக்குச் சத்தம் கேட்காதபடி கதவைச் சாத்தினான்.